பதினாலாவது மாடிக் குடித்தனம்

சிப்பித்துறையில் கட்டடம் வருவதற்கு முன்பே அதில் ஆள் குடிவந்துவிட்டார்கள், அதுவும் பதினாலாவது மாடியில், அதுவும் பால் காய்ச்சி முறைப்படி குடிவந்தார்கள் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் எங்களை ஒருமாதிரிப் பார்ப்பார்கள்; திட்ட அனுமதி வருவதற்கு முன்பே பாதி வீடுகளை விற்று முடித்துவிட்ட கம்பெனியை மட்டும் அவர்களில் யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

எங்கள் ஊர் சென்னைக்குத் தெற்கே கடலோரச் சாலையில் இருக்கிறது. சாலைக்கு மேற்கே கம்ப்யூட்டர் வேலைக்காரர்களின் அடுக்குமாடிகள், கிழக்கே எங்கள் குப்பம், குப்பத்துக்கும் கடலுக்கும் நடுவே நாங்கள் படகு ஏற்றி, வலை காயப்போட்டு, காலையில் மீன் விற்கும் மணல்வெளி. அந்த மணல்வெளிக்குத் தன்னிடம் பட்டா இருப்பதாகச் சொல்லிக்கொண்டு மதிவாணன் என்பவர் ஒருநாள் தகரவேலி போட்டார், வேலிக்குள் ஏசி வைத்த விற்பனை அலுவலகம் ஒன்று போட்டார், அலுவலகத்துக்குள் கண்ணாடிப் பெட்டியில் ஆழி ஸ்கை சிட்டி என்ற பொம்மைக் கட்டடத்தை வைத்தார். அடியில் கார் நிறுத்த இடம், அதன்மேல் கடைகள், கடைகளுக்கு மேல் சினிமா, சினிமாவுக்கு மேல் ஆபீஸ்கள், ஆபீஸ்களுக்கு மேல் வானம் முட்ட வீடுகள். பொம்மைக் கடலில் பொம்மைத் தோணிகூட ஒன்று இருந்தது. எங்கள் நிஜப் படகுகளுக்கு மட்டும் அதில் இடம் இல்லை. "அப்ரூவல் எப்ப வரும்?" என்று யார் கேட்டாலும் மதிவாணன், "ரெண்டு வாரத்துல வந்துரும்," என்பார். அந்த ரெண்டு வாரம் எங்கள் ஊர்க் கடலைப்போல எவ்வளவு அள்ளினாலும் குறையாதது.

பதினாலாவது மாடியில் வீடு வாங்கியவர் குற்றாலலிங்கம். அம்பாசமுத்திரத்துக்காரர், மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவர், வேலையில் இருந்த காலம் முழுக்க வாடகை வீட்டிலேயே குடியிருந்து, எந்த வீட்டுக்காரரும் சுவரில் ஒரு ஆணி அடிக்க விடாததால் சாமி படங்களையெல்லாம் பீரோமேல் சாய்த்துவைத்தே கும்பிட்டவர். அவருக்கு ஜோசியர் தை மாதத்தில் ஒரு முகூர்த்தம் குறித்துக் கொடுத்து, அதை விட்டால் அவர் மனைவி பிரமநாயகியின் நட்சத்திரத்துக்கு அடுத்த நல்ல நாள் எப்போது வரும் என்று தனக்கே தெரியாது என்று சொல்லிவிட்டார். குற்றாலலிங்கமும் மதிவாணனின் ரெண்டு வாரத்தை நம்பி, குடியிருந்த வாடகை வீட்டைக் காலிசெய்துவிட்டார். ஆகவே தை மாதத்து விடியலில், பால் செம்பும் கேஸ் அடுப்பும் சாமி படங்களுமாக அவரும் மனைவியும் வந்து இறங்கினார்கள். பின்னால், வீட்டுக்குள் முதலில் நுழைவதற்காகப் பால்காரர் தனபாலிடம் வாடகைக்கு எடுத்த சிவப்புப் பசு.

"கட்டடம் இன்னும் வர்ல சார்," என்றான் வாட்ச்மேன்.

"முகூர்த்தம் வந்துட்டுல்லா," என்றார் குற்றாலலிங்கம்.

கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்து, மாடிப்படி எங்கே தொடங்குமோ அங்கே போய் நின்று, வலது காலைத் தூக்கி வைத்தார். கால் நின்றது. இடது காலையும் வைத்தார். பசு முன்னால் போக மறுத்ததால் அவர் முன்னால் போக, பிரமநாயகி பின்னால் போக, அதைப் பார்த்துப் பசுவும் போக, மூவரும் படம் சொன்ன இடத்திலெல்லாம் திரும்பித் திரும்பி ஏறினார்கள். "தப்பான இடத்துல திரும்பியிருந்தா நான் தடுத்திருப்பேன்," என்று வாட்ச்மேன் பிற்பாடு போலீசாரிடம் சொன்னான். பொழுது புலர்ந்தபோது நாங்கள் கரையில் நின்று அண்ணாந்து பார்த்தோம். வெறும் ஆகாயத்தில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. அது முடிந்ததும் குற்றாலலிங்கம் காற்றில் ஓர் ஆணியை அடித்தார். டங், டங் என்று அந்தச் சத்தம் கடல் வரைக்கும் கேட்டது. அதில் முருகன் படத்தை மாட்டிவிட்டு அவர் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

வீடு வாங்கிய மற்றவர்களும் கேள்விப்பட்டு ஓடிவந்து ஏறிப் பார்த்தார்கள். ஒருவருக்கும் முதல் படிகூட அகப்படவில்லை. ஒரு டாக்டருக்கு மட்டும் முழங்கால் சிராய்ந்தது.

எங்கள் ஊர் எதற்கும் ரொம்ப நாள் ஆச்சரியப்படுகிற ஊர் இல்லை. முதல் வாரம் கூட்டம் கூடியது, சுண்டல் விற்றது. அதற்கடுத்த வாரம் பஸ் கண்டக்டர்கள் அந்த நிறுத்தத்தை 'பதினாலாவது மாடி' என்று கூவ ஆரம்பித்தார்கள். தபால்காரர் கயிற்றில் ஒரு பையைக் கட்டச் சொல்லி அதில் தபாலைப் போட்டார். மின்வாரியத்திலிருந்து வந்தவர், மேலே இருப்பவர் தன்னுடைய பழைய மேலதிகாரி என்று தெரிந்ததும் வணக்கம் சொல்லிவிட்டு, இணைப்பு மட்டும் தர வழியில்லை என்று போய்விட்டார். கீழேயிருந்து பார்ப்பதற்கு அவர்களுடைய உள்ளங்கால்களும் பாத்திரங்களின் அடிப்பாகமும் கோரைப்பாயின் பின்பக்கமும்தான் தெரியும் என்பதால், பிரமநாயகி அம்மாள் நாலு பக்கமும் புடவையை மறைப்பாகக் கட்டிய பிறகும், ஒரு சிக்கல் இருந்துகொண்டேயிருந்தது. குப்பத்துப் பஞ்சாயத்து கூடி, காலை வேளையில் ஆம்பளைகள் யாரும் மேலே பார்க்கக் கூடாது, பார்த்தால் கோயிலுக்கு ஒரு டின் எண்ணெய் என்று தீர்மானம் போட்டது. அந்த வருஷம் எங்கள் எல்லையம்மனுக்கு எண்ணெய்ப் பஞ்சமே இல்லை.

பசுவால்தான் தொல்லை. மாடு படி ஏறும், இறங்காது. அது போட்ட சாணியெல்லாம் பதினாலு மாடி வேகத்தோடு வந்து மதிவாணனின் விற்பனை அலுவலகக் கூரையில் விழுந்தது. வீடு வாங்க வந்தவர்கள் என்ன சத்தம் என்று கேட்டால், அஸ்திவாரத்துக்குப் பைலிங் அடிக்கும் வேலை நடப்பதாக அலுவலகப் பெண் சொன்னாள். தனபால் கீழே நின்று பசுவின் பெயரைச் சொல்லி அழுதார். கடைசியில் எங்கள் ஆட்கள் பெரிய வலையைக் கயிற்றில் கட்டி மேலே ஏற்றி, பசுவை அதில் சுருட்டி, இருபது பேர் பிடித்து மெல்ல மெல்ல இறக்கினார்கள். அப்படியே, "சார், நீங்களும் அம்மாவும் ஏறிக்கினீங்கன்னா ஒரே இழுப்புல வந்துர்லாம்," என்று கத்தினார்கள்.

"எங்க வீட்டுலதானய்யா நாங்க இருக்கோம். எதுக்கு இறங்கணும்?" என்றார் குற்றாலலிங்கம் மேலிருந்து.

பிரமநாயகி அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. அவரிடம் யாரும் கேட்கவும் இல்லை.

அவர்களுக்குச் சோற்றுக்கு வழி செய்தது கன்னியம்மா. மீன் விற்கும் பெண்களுக்குத் தலைவி, வாய்க்குப் பயந்து மதிவாணனே சுற்றிப்போகும் ஆள், ஆழி ஸ்கை சிட்டிக்கு அனுமதி தரக் கூடாது என்று நகரமைப்பு அலுவலகத்தில் மனுக் கொடுத்ததும் அவள்தான். எதிரியின் கட்டடத்தில் குடியிருப்பவர்களுக்கு எதற்கு நீ அரிசி அனுப்புகிறாய் என்று கேட்டவர்களிடம், "கட்டடம் எங்க கீது, காமி. மேல ரெண்டு பேரு கீறாங்க, பசியோட கீறாங்க. அவ்ளோதான்," என்று சொல்லிவிட்டாள். முதல் நாள் பாசமாகப் பெரிய வஞ்சிரத் துண்டு ஒன்றைக் கூடையில் வைத்து அனுப்பினாள். கூடை அப்படியே திரும்பி வந்தது.

"நாங்க சைவம் கன்னியம்மா," என்று மேலிருந்து பிரமநாயகி அம்மாளின் குரல் வந்தது. "மனசுல வச்சுக்கிடாத. கூடையக் கழுவிட்டு ரெண்டு கத்திரிக்கா அனுப்பு."

அன்றிலிருந்து காய்க்கு ஒரு கூடை, தண்ணீருக்குக் குடம் என்று கயிறு ஏறி இறங்கியது. பதிலுக்கு மேலிருந்து எலுமிச்சை ஊறுகாய் இறங்கியது. ஆனால் எங்களுக்குக் கிடைத்த பெரிய லாபம் ஊறுகாய் இல்லை. ஒருநாள் காலையில் பிரமநாயகி அம்மாள் துணி காயப்போட்டுக்கொண்டே, "கன்னியம்மா, கடல்ல வடக்க ஒரு எடம் மட்டும் கத்திரிக்கா கலர்ல நகந்து போகுதே, அது என்னது?" என்று கேட்டார். கன்னியம்மா புருஷனும் மற்றவர்களும் சாப்பிட்ட கையைக் கழுவாமல் படகைத் தள்ளினார்கள். மத்தியானம் படகு விளிம்பு வரைக்கும் கவலை மீனோடு வந்தார்கள். அதற்கப்புறம் ஜென்மத்தில் மீனைத் தொடாத அந்த அம்மாள்தான் எங்களுக்குக் கண். வெந்தயக் கலர், வெத்தலைக் கலர், பழைய புளிக் கலர் என்று அவர் சமையலறைக் கணக்கில் சொல்வார், என்ன கலர் என்றால் என்ன மீன் என்று நாங்கள் ஒரு கணக்கு வைத்துக்கொண்டோம். நாளடைவில் அவரே பெயர் கற்றுக்கொண்டு, "கன்னியம்மா, கவலை வருது, ஏராளமா வருது," என்று காலங்காலையில் சந்தோஷமாகக் கூவுவதைக் கேட்டு, சாலைக்கு மேற்கே இருப்பவர்கள் பாவம், யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பால்கனிக்கு ஓடிவருவார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான், ஒருநாள் மத்தியானம், குற்றாலலிங்கம் சாப்பிட உட்கார்ந்த நேரம், குடித்தனம் முழுக்கச் சடாரென்று மூன்று மாடி கீழே இறங்கியது. ரசம் முழுக்கக் கொட்டிவிட்டது. விசாரித்தால், அதே நேரத்தில் நகரமைப்பு அலுவலகத்தில் யாரோ கன்னியம்மாவின் மனுவைப் படித்துப் பார்த்து, நியாயமாகத்தான் இருக்கிறது என்று கருதி, அனுமதியை நிராகரிக்கலாம் என்று ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். மதிவாணன் ஆட்கள் போய்ப் பேசி அந்தக் குறிப்பைக் கிழிக்க வைத்ததும் குடித்தனம் பழைய உயரத்துக்குப் போய்விட்டது. சில நாள் கழித்து அனுமதி தரலாம் என்று இன்னொரு குறிப்பு எழுதினார்கள். உடனே எங்கள் மணல்வெளியில் தூண் தூணாகப் பள்ளம் விழுந்து, ஒரு படகு மூக்கு குத்தி உள்ளே போய்விட்டது. அந்தக் குறிப்பைச் சந்தேகம் கேட்டுத் திருப்பி அனுப்பிய பிறகுதான் மணல் மூடிக்கொண்டது.

ஆக, கணக்கு எங்களுக்குப் புரிந்துவிட்டது. அனுமதி கிடைத்தால் எங்கள் கரை போகும். அனுமதி மறுக்கப்பட்டால் மேலே இருப்பவர்கள் விழுவார்கள். கோப்பு அப்படியே கிடந்தால் எல்லாரும் பிழைப்போம்.

கன்னியம்மா நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு நகரமைப்பு அலுவலகத்துக்குப் போனாள். அங்கே ஆளவந்தார் என்றொரு கண்காணிப்பாளர் இருந்தார். அவர் மேஜைக்கு வந்த கோப்பு கரையேறியதாகச் சரித்திரமே கிடையாது. பெண்களைப் பார்த்ததும் அவர் தலையைத் தூக்காமலேயே, "பாத்துக்கிட்டுதாம்மா இருக்கோம். அவசரப்படுத்தாதீங்க," என்றார்.

"அவசரமே இல்ல சார்," என்றாள் கன்னியம்மா. "அத்தச் சொல்லத்தான் வந்தோம். நிதானமாப் பாருங்க. எத்தினி வருசம் ஆனாலும் பரவால்ல."

ஆளவந்தார் பேனாவைக் கீழே வைத்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவரிடம் எவரும் அப்படிச் சொன்னதில்லை. மந்திரி வீட்டிலிருந்து திட்டியிருக்கிறார்கள், மாமனார் வீட்டிலிருந்துகூடத் திட்டியிருக்கிறார்கள். அவர் எழுந்து போய்த் தன் கையாலேயே அஞ்சு நாற்காலி எடுத்துப்போட்டு, டீ சொல்லிவிட்டு, "மேல எத்தனை பேரு இருக்காங்கன்னு சொன்னீங்க?" என்று கேட்டார்.

அதன்பிறகு அவர் செய்தது எங்கள் குப்பத்தில் இன்றைக்கும் பேசப்படுகிற சாதனை. ஒரு கேள்வி எழுதுவார். மதிவாணனின் இன்ஜினீயர்கள் பதில் தருவார்கள். அந்தப் பதிலிலிருந்து மூன்று கேள்வி முளைக்கும். சினிமாக் கொட்டகையின் பாட்டுச் சத்தத்துக்கு மீன் பயப்படுமா? பௌர்ணமியில் கட்டடத்தின் நிழல் கடலில் விழுந்தால் அது கரை விதிக்குள் வருமா, கடல் விதிக்குள் வருமா? பதினாலாவது மாடியிலிருந்து இறக்கப்பட்ட பசு, குடியிருந்தவர் கணக்கா, வந்துபோனவர் கணக்கா? கோப்பு பருத்துப் பருத்து, அதைத் தூக்க ஆள் போதவில்லை. மேலே குற்றாலலிங்கம் தம்பதி ஒரு அங்குலம்கூட அசையாமல் நிம்மதியாக இருந்தார்கள். கோடை போய், மழை போய், பிரமநாயகி அம்மாளின் முழங்காலில் மட்டும் கடற்காற்று ஏறி உட்கார்ந்துகொண்டது. சில நாள் அவர் பகல் முழுவதும் படுத்தே இருப்பதை நாங்கள் கீழேயிருந்து பார்த்தோம்.

பிறகு ஆளவந்தார் ஓய்வுபெற்றார். அவருக்கு நாங்கள் மாலை போட்டு மேளம் வைத்து வழியனுப்பினோம். அவர் இடத்துக்கு மேகலா என்ற புது அதிகாரி வந்தார். சின்ன வயசு, காசு வாங்காதவர், சிபாரிசுக்கு மசியாதவர், மேஜையில் எந்தக் காகிதமும் தங்கக் கூடாது என்ற கொள்கை உள்ளவர். அப்படிப்பட்ட ஒருவர் வேண்டும் என்றுதான் எங்கள் ஊரில் எல்லாரும் எல்லாச் சாமியையும் வேண்டிக்கொண்டிருந்தோம். வந்தே விடுவார் என்று நினைக்கவில்லை.

மேகலா நேரில் வந்தார். அண்ணாந்து பார்த்தார். "சார், இறங்கி வந்துடுங்க," என்றார்.

"அனுமதி குடுங்கம்மா. முறைப்படி சாவி வாங்க இறங்கி வருதேன்," என்றார் குற்றாலலிங்கம்.

"மறுத்தா என்ன ஆகும் தெரியுமா சார்?"

"தெரியும்மா. அதான் குடுங்கன்னு சொல்லுதேன்."

கன்னியம்மா மேகலாவை ஓரமாகக் கூப்பிட்டு, "ஃபைல அப்டியே வச்சிர முடியாதாம்மா?" என்று கேட்டாள்.

"உண்டு, இல்லைன்னு ரெண்டே வார்த்தைதான்மா சட்டத்துல இருக்கு," என்றார் மேகலா. "பார்க்கலாம்னு ஒரு வார்த்தை அதுல இல்ல. நாம்பளா சேர்த்துக்கிட்டது." அவர் முகமும் வாடித்தான் இருந்தது. கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குத் தேதி குறித்துவிட்டு, அன்றே முடிவு சொல்வதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

கூட்டம் கடலோரச் சாலைக் கல்யாண மண்டபத்தில் நடந்தது. இடம் போதாதென்று வெளியே புங்கமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். மதிவாணன் முதலில் பேசினார். வேலைவாய்ப்பு வரும், சினிமா வரும், மீன்கூட ஏசியில் விற்கலாம் என்றார். சாலைக்கு மேற்கே இருப்பவர்கள் தங்கள் பால்கனியிலிருந்து கடல் தெரியாமல் போய்விடும் என்று கண்கலங்கினார்கள். பிறகு கன்னியம்மாவின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

அவள் மைக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"மனு குடுத்தது நான்தான்," என்றாள். "அந்தக் கரை இல்லன்னா எங்களுக்குப் பொழப்பு இல்ல. எங்க படகு எங்க போவும், நாங்க எங்க போவோம். ஆனா, மேல ரெண்டு உசுரு கீது. ரெண்டு பேரு வியிந்து செத்த மண்ணுல ஒக்காந்து நான் எப்பிடி மீன் விப்பேன்? மனுவ வாபஸ் வாங்கிக்கிறேன் மேடம். குட்த்துருங்க. கட்டிக்கினு போட்டும்."

குப்பத்துப் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். கன்னியம்மாவின் புருஷன் எழுந்து நின்று, என்ன சொல்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார். மதிவாணன் மட்டும் நிம்மதியாகக் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மேகலா பேனாவை எடுத்தார், எழுதவில்லை, கன்னியம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகும் பெயர்களைக் கூப்பிட்டார்கள், யார்யாரோ பேசினார்கள். யார் காதிலும் ஏறவில்லை.

அப்போதுதான் வாசலில் கூட்டம் விலகியது. குட்டையான ஒரு அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை இழுத்து இழுத்து உள்ளே வந்தார். அவருடைய உள்ளங்காலைப் பார்த்தால் நாங்கள் எல்லாரும் உடனே அடையாளம் சொல்லியிருப்போம். முகத்தைப் பார்த்ததால் கொஞ்சநேரம் பிடித்தது.

"கன்னியம்மா, உக்காரு," என்றார் பிரமநாயகி அம்மாள். "ஸ்பீக்கர்ல நீ பேசினது அத்தனையும் மேல கேட்டுச்சு. நீ எதுக்கு வாபஸ் வாங்கணும்?"

கன்னியம்மா அவரைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள். இருவரும் அத்தனை கிட்டத்தில் இருப்பது அதுதான் முதல் தடவை. அந்த அம்மாள் அவளுடைய கையை விடவேயில்லை.

"மேடம்," என்றார் மேகலாவைப் பார்த்து. "அவுக ஏறினாக, நானும் பின்னால ஏறினேன். வாறியான்னு அவுகளும் கேக்கல, போறியான்னு நீங்களும் கேக்கல. இப்ப நானே சொல்லுதேன். எனக்கு அந்த வீடு வேண்டாம். சுவரு இல்ல, தூணு இல்ல, சாஞ்சு உக்கார ஒரு எடம் இல்ல. இவுக கரைய எடுத்து எனக்கு ஒரு வீடு வேண்டவே வேண்டாம். இல்லைன்னு எழுதிருங்க."

"உங்க வீட்டுக்காரர் மேல இருக்காரேம்மா," என்றார் மேகலா.

"அந்த மைக்க நீளமா இழுத்துக் குடுங்க," என்றார் அந்த அம்மாள்.

ஒயரை இழுத்து, போதாததற்கு இன்னொரு ஒயரையும் சேர்த்து முறுக்கி, மைக்கை மணல்வெளிக்குக் கொண்டுபோனோம். மண்டபம் மொத்தமும் வெயிலில் வந்து நின்றது. மேலே குற்றாலலிங்கம் தனியாகத் தெரிந்தார். கைப்பிடிச் சுவர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க பாருங்க," என்று ஸ்பீக்கர் பேசியது. "நான் எறங்கிட்டேன்."

"பாத்தேன்," என்று மேலிருந்து மெல்லிசாக வந்தது. அவர் பேசுவது கேட்க வேண்டும் என்பதற்காகக் கடல்கூடக் கொஞ்சம் அடங்கினமாதிரி இருந்தது. "சொல்லாம எறங்கிட்டியே பிரமு."

"சொன்னா விட்டிருப்பீகளா? நீங்களும் வாங்க."

"கீழ வந்தா நம்மகிட்ட என்ன இருக்கு?"

"எனக்கு முட்டி வலி இருக்கு. உங்களுக்குச் சக்கர இருக்கு. மேல மட்டும் வேற என்ன இருந்துச்சு?"

"வீடு இருந்துச்சு."

ஸ்பீக்கர் கொஞ்சநேரம் இரைந்துகொண்டிருந்தது. பிரமநாயகி அம்மாள் மைக்கை வாயிலிருந்து எடுத்துவிட்டு, மறுபடி வைத்தார்.

"இருந்துச்சு," என்றார். "நல்லாத்தான் இருந்துச்சு. நாம ரெண்டு பேரும் அதுல இருந்தாச்சு. போதும், வாங்க."

"ஊரு சிரிக்கும் பிரமு. ஏமாந்துட்டான்னு சொல்லுவாங்க."

"அது முதல் நாளே சிரிச்சாச்சு. அவங்கதான் நமக்குச் சோறும் போட்டாங்க. மத்தியானச் சாப்பாடு கன்னியம்மா வீட்டுலதான். கத்திரிக்கா வதக்கச் சொல்லுதேன். உங்களுக்கு மேல கொண்டுவந்து குடுக்க என்னால முடியாது."

குற்றாலலிங்கம் நிமிர்ந்தார். முருகன் படத்தைக் கழற்றினார். ஆணியையும் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார். மற்ற படங்களையும் அடுப்பையும் பாத்திரங்களையும் புடவைகளையும் கயிற்றில் கட்டி இறக்கினார். பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வரைபடம் சொன்ன திருப்பத்தில் எல்லாம் திரும்பித் திரும்பி இறங்க ஆரம்பித்தார். ஒவ்வொரு மாடியிலும் நின்று, அங்கே வந்திருக்க வேண்டிய அக்கம்பக்கத்து வீடுகளைப் பார்க்கிறவர்போல இரண்டு பக்கமும் பார்த்தார். ஆபீஸ்கள் வர வேண்டிய இடத்தைத் தாண்டினார். சினிமா வர வேண்டிய இடத்தில் உட்கார்ந்து இளைப்பாறினார். கடைகளுக்கு இடையில் கூட்டமாக இருந்ததோ என்னவோ, தோளைச் சாய்த்துக்கொண்டு வந்தார். நாங்கள் ஒருவரும் சிரிக்கவில்லை, குழந்தைகளைக்கூட வாயைப் பொத்தி வைத்திருந்தோம். மதிவாணன் கூட்டத்தின் பின்பக்கமாக நகர்ந்து போய்க் காரில் ஏறிக்கொண்டதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

கடைசிப் படியில் நின்று எங்களை ஒருமுறை பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு மணலில் கால் வைத்தார். உச்சி வெயில், சித்திரை மாதம். வெறுங்கால்.

"சுடுது, சுடுது," என்று அவர் ஒரு காலைத் தூக்கி மறுகாலை மாற்றி மாற்றி வைத்துக் குதித்தார். பை ஒருபக்கம், பாய் ஒருபக்கம். பிரமநாயகி அம்மாள்தான் முதலில் சிரித்தார். அதற்குமேல் எங்களாலும் அடக்க முடியவில்லை. குப்பம் சிரித்தது, அடுக்குமாடி சிரித்தது, மேகலா கோப்பால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார். குற்றாலலிங்கம் பாயை மணலில் போட்டு அதன்மேல் ஏறி நின்று, மூச்சு வாங்க எங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தானும் சிரிக்க ஆரம்பித்தார்.

படகின் விளிம்பில் கோப்பை வைத்து, 'இல்லை' என்று எழுதி மேகலா கையெழுத்துப் போட்டார். ஆகாயத்தில் ஒன்றும் நடக்கவில்லை. கழுவாத டம்ளர் ஒன்று மட்டும் எங்கோ தூரத்தில் விழுந்தது. மதிவாணன் தகரவேலியைப் பிரித்துக்கொண்டு வேறு கடற்கரைக்குப் போனார் என்று கேள்வி. எங்களுக்குக் கரை மிஞ்சியது. ஆனால் மேலே கண் இல்லாததால் மீன் வரத்து பழையபடி அவரவர் அதிர்ஷ்டம் ஆகிவிட்டது. கன்னியம்மா சிலநாள் காலையில் வழக்கம்போல அண்ணாந்து பார்த்துவிட்டு, பிறகு பக்கத்துத் தெருவைப் பார்ப்பாள்.

அந்தப் பக்கத்துத் தெருவில்தான் தம்பதிக்கு அவள் வீடு தேடிக் கொடுத்தாள். ஒரு கூடம், ஒரு அறை, பின்னால் முருங்கை மரம். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தாசில்தார், விசாரிக்காமல் யாருக்கும் வீடு தராதவர். குற்றாலலிங்கத்தை வாசலிலேயே நிறுத்தி, "இதுக்கு முன்னாடி எங்க குடியிருந்தீங்க?" என்று கேட்டார்.

"பக்கத்துலதான். பதினாலாவது மாடி."

"ஏன் காலி பண்ணீங்க?"

குற்றாலலிங்கம் கொஞ்சம் யோசித்தார். பிரமநாயகி அம்மாள் என்ன சொல்லப்போகிறாரோ என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணிக் கஷ்டம்," என்றார் குற்றாலலிங்கம்.

"கடலோரம்னா அப்படித்தான் சார்," என்று வீட்டுக்காரர் தலையாட்டிவிட்டு உள்ளே கூட்டிப்போனார். கூடம், அறை, சமையல்கட்டு என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போனார். குற்றாலலிங்கம் எதையும் சரியாகக் கேட்டமாதிரி தெரியவில்லை. அறைக்குள் நுழைந்ததும் சுவரோரமாகப் போய், தோளைக் கொடுத்து மெல்லச் சாய்ந்து பார்த்தார். சுவர் நகரவில்லை. இன்னும் கொஞ்சம் சாய்ந்தார். பிறகு நகர்ந்துகொண்டு, பக்கத்தில் மனைவிக்கு இடம் விட்டார்.